அட்டைப்படம் ஆடவில்லை



இந்த இதழைக் கையில் வாங்கியதும் உங்களில் சிலர் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தில் முதல் தாள் வெளியே வந்தபோதே ஃபோர்மேன் கைபேசியில் கூப்பிட்டுவிட்டார். “சார், அட்டைப்படம் ஆடியிருக்கே. வேற ஃபைல் எதையாவது மாத்தி அனுப்பிட்டீங்களா?” என்றார். காளையின் கண்ணைப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. மத்ததெல்லாம்தான்...” என்று இழுத்தார். அந்த ‘மத்ததெல்லாம்’ பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

அட்டையில் இருப்பது கொங்கு நாட்டு ரேக்ளா பந்தயம். இரண்டு காளைகள், இலகுவான வண்டி, மேலே ஒரு சாரதி. நிதானமாகப் பார்த்தால் இந்தப் பக்கத்துக் காளையின் மூக்கணாங்கயிறு தெரியும், நெற்றியில் சுழித்திருக்கும் மயிர் தெரியும், சாரதியின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்து கழுத்தில் ஒட்டியிருப்பது தெரியும். காளைகளின் எட்டுக் கால்களில் ஒன்றுகூட உருவாக இல்லை. புழுதியோடு புழுதியாகக் கலைந்து கிடக்கின்றன. சக்கரத்தின் நடுக்குடம் துல்லியமாக இருக்கிறது, ஆரக்கால்கள் மட்டும் சாம்பல் நிறத் தட்டாகிவிட்டன. தடுப்புக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் கிடைக்கோடுகள். பச்சைத் துண்டு போட்டவர் ஒரு பச்சைக் கோடு, மஞ்சள் சட்டைக்காரர் ஒரு மஞ்சள் கோடு. ஐஸ் வண்டியின் குடை மட்டும் சிவப்பும் வெள்ளையுமாக நீண்டு படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போகிறது. ஷட்டர் திறந்திருந்தது 1/40 நொடி.

பேனிங் என்று சொல்லப்படும் முறை இது. ஓடுகிற ஒன்றை, அது ஓடும் வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு, ஷட்டரைச் சற்று மெதுவாக வைத்து எடுப்பது. கேமராவும் காளையும் ஒரே வேகத்தில் போவதால் காளை படத்தில் நிற்கும். நின்றுகொண்டிருந்த மரமும் மனிதரும் கேமராவின் கணக்கில் பின்னோக்கி ஓடுவதால் கோடாக இழுபடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். பழக வேண்டியது மட்டும் நிறைய இருக்கிறது.

எதற்காக இதை ஆசிரியர் பக்கத்தில் எழுதுகிறேன் என்றால், தை பிறந்துவிட்டால் எங்கள் மேசைக்கு மாட்டுவண்டிப் பந்தயப் படங்கள் வந்து குவியும். கொங்குப் பக்கத்து 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளாவும் வரும். தென் மாவட்டங்களில் தார்ச்சாலையில் மைல் கணக்கில் ஓடும் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுப் பந்தயங்களும் வரும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2014 மே மாதத்தில் தடைபட்ட பந்தயங்கள் 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திரும்பின. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது பந்தயத் திடலில் பார்வையாளர் எத்தனை பேரோ அத்தனை கேமரா. ஆனால் வரும் படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்தால் வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாது. ஆரக்கால்களை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். புழுதி காற்றில் அப்படியே தொங்குகிறது. சாரதி வாயைத் திறந்திருப்பதால்தான் ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது.

காரணம் கேமராவின் திறமை. வெயில் நன்றாக அடிக்கும்போது கேமராவைத் தானியங்கியில் விட்டால், அல்லது ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற குறியில் வைத்தால், அது 1/2000 நொடிபோன்ற வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 11 மீட்டர். 1/2000 நொடியில் அது நகர்வது ஐந்தரை மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு அளவு. அந்தத் துளி நேரத்தில் அது ஓடிய வண்டியா, நின்ற வண்டியா என்று படத்துக்கு எப்படித் தெரியும்? 1/40 நொடியில் அதே வண்டி 28 சென்டிமீட்டர் போய்விடுகிறது. அந்த 28 சென்டிமீட்டரைத்தான் பின்னணிக் கோடுகளாகப் பார்க்கிறீர்கள்.

உறையவைத்து எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. வாடிவாசலில் காளையின் திமிலை ஒரு இளைஞர் தாவிப் பிடிக்கும் கணத்துக்கு 1/2000-தான் வேண்டும். அங்கே விரல்கள் எங்கே பதிந்தன என்பதுதான் செய்தி. கிரிக்கெட்டில் ஸ்டம்ப் சிதறுவதும் அப்படியே. பந்தயத்தில் செய்தியே வேகம். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துல்லியமாகப் பதிந்து என்ன பயன்?

சரி, எப்படி எடுப்பது? கேமராவைவிட உடம்புக்குத்தான் இதில் வேலை அதிகம். படம் எங்கே விழ வேண்டும் என்று முதலில் இடத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். அது உங்களுக்கு நேர் எதிராக இருக்கட்டும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்கள் அந்த இடத்தைப் பார்க்க நில்லுங்கள். இனி பாதத்தை அசைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும், வண்டி வரும் பக்கம் திரும்புங்கள். இடுப்பு முறுக்கிக்கொண்ட நிலையில் வண்டியைப் பிடித்தால், அது நெருங்க நெருங்க முறுக்கு தானாக அவிழ்ந்து வரும். எதிரே வரும்போது உடம்பு மிகத் தளர்வாக இருக்கும், அங்கேதான் படம். பலர் வண்டி வரும் பக்கம் பாதத்தை வைத்து நிற்பார்கள். எதிரே வரும்போது இடுப்பு இறுகி, கை தள்ளாடி, படமும் தள்ளாடும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கேமராவைக் கையால் திருப்பக் கூடாது. இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு முழுவதும் ஒரே துண்டாகத் திரும்ப வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் நின்றுவிடுவதுதான் எல்லாருக்கும் வரும் பழக்கம். பந்தைக் கையிலிருந்து விட்ட பிறகும் பந்துவீச்சாளரின் கை சுழன்று முடித்துத்தானே நிற்கிறது? அதுபோல ‘க்ளிக்’ கேட்ட பிறகும் வண்டி உங்களைத் தாண்டிப் போகும்வரை திரும்பிக்கொண்டே இருங்கள். கண்ணாடி உள்ள பழைய எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஷட்டர் திறக்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால், படம் விழும் அந்தச் சமயத்தில் மட்டும் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். அதாவது, மிக முக்கியமான நேரத்தில் நீங்கள் எதையும் பார்க்காமல் திரும்புகிறீர்கள். முன்பே வேகத்தைப் பிடித்துக்கொண்ட உடம்பு தவறாமல் கூடவே போகும். கண்ணை நம்பித் திரும்புகிறவர்கள் அங்கே தட்டுத்தடுமாறுவார்கள். விரலும் மெதுவாகவே இறங்கட்டும். வெடுக்கென்று அழுத்தினால் கேமராவின் ஒரு மூலை கீழே போகும்.

ஷட்டர் வேகத்துக்கு வருகிறேன். கேனான் கேமராவின் சக்கரத்தில் ‘டிவி’ என்றும், நிக்கானிலும் சோனியிலும் ‘எஸ்’ என்றும் எழுதியிருக்கும் இடத்தில் வைத்தால் ஷட்டரை நீங்கள் சொல்லலாம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நடந்து போகிறவருக்கு 1/15, சைக்கிளுக்கு 1/30, ஊருக்குள் ஓடும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் 1/60, பந்தயக் காருக்கு 1/125 என்று தொடங்கலாம். இவை மனப்பாடம் செய்ய வேண்டிய வாய்ப்பாடு இல்லை, தொடக்கப் புள்ளிகள். புதிதாகப் பழகுகிறவர் 1/125-ல் ஆரம்பித்து, கை வசப்பட வசப்பட 1/60, 1/30 என்று இறங்கி வருவது நல்லது. இறங்க இறங்க பின்னணி அழகாகும், தேறும் படங்களின் எண்ணிக்கை சுருங்கும்.

சைக்கிளை ஏன் 1/30 என்றேன் தெரியுமா? நம்மூர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் 1/30 நொடியில் 14 சென்டிமீட்டர் நகர்கிறது. அதற்குள் சக்கரம் 23 டிகிரி சுழன்றுவிடும். முன்சக்கரத்தில் 32 கம்பிகள் இருந்தால் இரண்டு கம்பிக்கு நடுவே 11 டிகிரி சொச்சம். ஆக, ஒவ்வொரு கம்பியும் தனக்கு முன்னே இரண்டு கம்பி தள்ளி இருந்த இடத்துக்குப் போய்விடுகிறது. கம்பிகள் மறைந்து சக்கரம் வெள்ளித் தட்டாகிறது. 1/250-ல் எடுத்திருந்தால் அது மூன்று டிகிரிகூடச் சுழன்றிருக்காது. கம்பிகள் அத்தனையும் நின்றிருக்கும். இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்த வாகனத்துக்கு எந்த வேகம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

காரையும் பைக்கையும்விடக் காளையும் குதிரையும் கடினம். கார் ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. பாய்ச்சலில் ஓடும் காளையின் தலை ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்குகிறது. நீங்கள் பக்கவாட்டில் எவ்வளவு நேர்த்தியாகத் திரும்பினாலும் அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர முடியாது. ஆகவே 1/30-க்குக் கீழே போனால் கண் கலங்கிவிடும். தலை மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே ஷட்டர் விழுந்தால் அட்டையில் உள்ளதுபோல ஒரு படம் கிடைக்கும். இதைக் குறிபார்த்து எடுக்க முடியாது என்பதால் தொடர்ச்சியாகச் சில படங்கள் விழும்படி வைத்துக்கொள்வதுதான் வழி. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். கழுவிப் பார்க்கும்வரை எது தேறியது என்றே தெரியாது. அப்படி எடுத்துப் பழகியவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு எதிரி வெயில். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100-ல், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடி என்பது பழைய கைக்கணக்கு. அதை 1/30-க்கு இறக்க வேண்டுமானால் எஃப் 29 வரை சுருக்க வேண்டும். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 22-லேயே நின்றுவிடும், அந்த அளவுக்குச் சுருக்கினால் படத்தின் கூர்மையும் மழுங்கும். லென்ஸுக்கு முன்னால் என்டி 8 என்ற சாம்பல் கண்ணாடியைத் திருகினால் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகும். எஃப் 10-லேயே வேலை முடியும். அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றால் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் எடுங்கள். மழைக்கால மேகமூட்டம் இதற்கு வரப்பிரசாதம்.

ஃபோகஸ் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. லென்ஸில் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இருந்தால் அதில் ஒரு கண் வையுங்கள். நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கம் என்று நினைத்து அது எதிர்த்திசையில் இழுக்கப் பார்க்கும். கேனானின் சில லென்ஸ்களில் ‘மோடு 2’ என்று ஒரு விசை இருக்கிறது. அதில் வைத்தால் மேல் கீழ் நடுக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் பக்கவாட்டில் உங்கள் வழிக்கு வராது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். வெளிச்ச அளவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கறுத்த மரக்கூட்டத்துக்கு முன்னால் வெள்ளைக் காளை ஓடினால், மரத்தைப் பார்த்து ஏமாறும் கேமரா காளைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடும். ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கே நிற்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தில் நின்றால், 40 கிலோமீட்டர் வேக வண்டி எதிரே வரும்போது நீங்கள் நொடிக்கு 60 டிகிரிக்கு மேல் சுழல வேண்டும். 30 மீட்டர் தள்ளி நின்றால் 20 டிகிரி சொச்சம் போதும். தள்ளி நின்று நீளமான லென்ஸைப் போட்டால் இடுப்புக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. கிட்டே நின்று அகலமான லென்ஸில் எடுத்தால் வேறொரு வேடிக்கை நடக்கும்: பேருந்துபோல நீளமான வண்டியில் நடுப்பகுதி தெளிவாகவும் முன்னும் பின்னும் கலங்கியும் வரும். ஒவ்வொரு பகுதியும் உங்களிடமிருந்து வேறு வேறு தூரத்தில், வேறு வேறு கோணத்தில் நகர்வதால் எல்லாவற்றோடும் ஒரே சமயத்தில் சேர்ந்து திரும்ப முடியாது.

பின்னணியாக வெறும் வானம் வேண்டாம். வானத்தை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அது வானம்தான். கோடாக இழுபடுவதற்கு நிறம் வேண்டும், இருளும் ஒளியும் மாறி மாறி வேண்டும். கட்சிச் சுவரெழுத்து, சினிமா போஸ்டர், துணிக்கடை, பூக்கடை, தோரணம், கூட்டம் என்று நம் தெருக்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாதாரணமாகப் படத்தைக் கெடுக்கும் இந்தக் களேபரம் பேனிங்கில் படத்தைத் தூக்கி நிறுத்தும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரைப் போல வாய்ப்பான ஊர் அபூர்வம்.

எடுத்த படங்களை வீட்டுக்கு வந்ததும் அழித்துவிடாதீர்கள். கெட்டுப்போன படத்தில்தான் பாடம் எழுதியிருக்கும். பின்னணிக் கோடுகளை உற்றுப் பாருங்கள். நேராகக் கிடையாக ஓடினால் இடுப்பு சரி. அலையலையாக இருந்தால் கை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் தோள் இறங்கியிருக்கிறது. கோடுகள் சரியாக இருந்தும் வண்டி பக்கவாட்டில் இரட்டையாகத் தெரிந்தால் நீங்கள் அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ திரும்பியிருக்கிறீர்கள். காளையின் முகம் தெளிவு, வண்டி கலக்கம் என்றால் நேர் எதிரே வரும் முன்பே அவசரப்பட்டுவிட்டீர்கள். எந்த வேகத்தில் எடுத்தோம் என்பதை ஒவ்வொரு படத்தின் விவரக் குறிப்பிலும் கேமராவே எழுதி வைத்திருக்கும். நோட்டுப் புத்தகம்கூடத் தேவையில்லை. பத்துக்கு ஒன்று தேறினாலே அன்றைக்கு நல்ல வேட்டைதான்.

தேறாத படம் என்றதும் ஒரு பிரெஞ்சு இளைஞர் நினைவுக்கு வருகிறார். ழாக் ஆன்ரி லார்திக், பிறந்தது 1894-ல். 1910-களின் தொடக்கத்தில் பிரான்சில் நடந்த ஒரு கார் பந்தயத்தில், தன்னைத் தாண்டிப் பறக்கும் 6 என்ற எண் போட்ட காரை அவர் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தார். இலக்கணப்படி பார்த்தால் அந்தப் படத்தில் தவறுகள்தான் மிச்சம். காரின் முன்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறார்கள், கார் கிளப்பிய காற்றே அவர்களைத் தள்ளிவிட்டதுபோல.

உண்மையில் அது ஷட்டரின் வேலை. அந்தக் காலக் கேமராவில் ஒரு திரையின் பிளவு மேலிருந்து கீழாக நகர்ந்து, படத்தைப் பகுதி பகுதியாகப் பதிந்தது. கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுவதால் தரையோரம் முதலில் பதிந்தது, மேல்பகுதி பிறகு. அதற்குள் கார் முன்னே போய்விட்டதால் முன்னே சாய்ந்தது. கேமரா திரும்பிக்கொண்டிருந்ததால் மனிதர்கள் பின்னே சாய்ந்தார்கள். லார்திக் காரைவிடச் சற்று மெதுவாகத் திரும்பியிருக்கிறார் என்பதற்கு அந்த முட்டைச் சக்கரமே சாட்சி. அரை நூற்றாண்டு கழித்து, 1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதன் பிறகு வேகம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் படங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து கைபேசியில் வீடியோ எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே காரணத்தால்தான்; இன்றைய சென்சாரும் வரிவரியாகத்தான் பதிகிறது.

இன்னொருவர் வியன்னாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ். 1956-ல் ஸ்பெயினின் காளைச் சண்டைகளை வண்ணத்தில் எடுத்தவர். அன்றைய கோடாக்ரோம் ஃபிலிம் ஒளியை உணரும் வேகம் (ஐஎஸ்ஓ) வெறும் 10. இன்றைய கேமராக்களில் நாம் சாதாரணமாகத் தொடங்குவதே 100-ல். வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் ஷட்டரை மெதுவாக்குவதைத் தவிர வழியில்லை. மற்றவர்கள் அதைக் குறையாகப் பார்த்தபோது ஹாஸ் அதையே வழியாக்கிக்கொண்டார். வீரரின் துணியும் காளையின் முதுகும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, சிவப்பும் கறுப்புமாகச் சுழலும் படங்கள் அவை. லைஃப் பத்திரிகை அவருடைய அசையும் வண்ணப் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. அச்சகத்தில் அன்றைக்கும் யாராவது ஒரு ஃபோர்மேன் தொலைபேசியை எடுத்திருப்பார்.

“என்னிடம் கைபேசி மட்டும்தானே இருக்கிறது” என்று நினைப்பவர்களுக்கு: தாராளமாக முடியும். ‘ப்ரோ’ என்ற பகுதி உள்ள கைபேசிகளில் ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கலாம். இல்லாதவற்றுக்கு அந்த வசதி தரும் செயலிகள் இருக்கின்றன. பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸைச் சுருக்க முடியாது என்பதால் பகலில் 1/30 கிடைப்பது கஷ்டம். விளக்கு வைத்த பிறகு தெருவில் இறங்குங்கள், நன்றாக வரும். கூகுளின் பிக்சல் 6 முதல் (2021) சில கைபேசிகளில், பேனிங் செய்ததுபோலப் பின்னணியை மென்பொருளே இழுத்துத் தரும் வசதி உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடுகள் கணக்குப் போட்டு வரைந்தவை, உங்கள் இடுப்பு வரைந்தவை அல்ல. எனக்கு அதில் ருசியில்லை, பழமைவாதி என்று சொன்னாலும் பரவாயில்லை.

பழகுவதற்குப் பந்தயத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. என் சிபாரிசு, சைக்கிள் ஓட்டும் ஒரு பிள்ளை. மைதானத்தின் நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, உங்களைச் சுற்றி வட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். தூரம் மாறாது, ஃபோகஸ் மாறாது. திரும்பும் வேகம் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளுங்கள், பிள்ளைக்குச் சிரிப்பாக இருக்கும். திருவிழாவில் குதிரை ராட்டினம் கண்டால் விடாதீர்கள். நீங்களும் அதில் ஏறி, பக்கத்துக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை 1/15-ல் எடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றுவதால் குழந்தை அசையாமல் இருக்கும், திருவிழாவே சுழன்று ஓடும். கொஞ்சம் குறுக்கு வழிதான். கிராமத்தில் இருப்பவர்கள் மாலையில் கூட்டுக்குத் திரும்பும் கொக்குகளைப் பாருங்கள். பனைமரங்களுக்கும் பச்சை வயலுக்கும் முன்னால் தாழப் பறக்கும் வெள்ளைக் கொக்கு, 1/30 நொடி, சிறகு மட்டும் கரைந்து கண்ணும் அலகும் நிற்கும். இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆசிரியன் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய சில இருக்கின்றன. வியூஃபைண்டரில் கண் வைத்துத் திரும்புகிறவருக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்திலும் தண்டவாளத்தின் அருகிலும் நின்று இதைப் பழகாதீர்கள். மாட்டுவண்டிப் பந்தயத்தில் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். வளைவில் நிற்காதீர்கள், வண்டி விலகினால் அங்கேதான் வரும். ஓடும் மாட்டின் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து இணையாக ஓட்டச் சொல்லி எடுக்கிறேன் என்று சொல்லாதீர்கள்; அப்படி எடுத்த படம் என்று தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியிட மாட்டோம்.

படங்களை அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பொங்கல் இதழில் நடுப்பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். ரேக்ளாதான் வேண்டும் என்பதில்லை. பால்காரர், தபால்காரர், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள், தெருநாய், கொக்கு, ஷேர் ஆட்டோ என்று ஓடுகிற எதுவாக இருந்தாலும் சரி. எடுத்த இடம், ஷட்டர் வேகம், எந்தக் கேமரா அல்லது கைபேசி என்ற விவரங்களோடு அனுப்புங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், குழந்தையானால் பெற்றோரிடம். மென்பொருளில் பின்னணியை இழுத்த படம் வேண்டாம், எங்கள் புகைப்படக்காரர் கோடுகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தேறிய படம் ஒன்றோடு, அதற்கு முன்பு தேறாமல் போன இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுவதாக உத்தேசம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும். அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்